அனுபவத்துக்கு யார் சான்றிதழ் தருவது?

கிண்டி ரயில் நிலையப் பக்கம் தூண்களில் ஒட்டியிருக்கும் வேலை நோட்டீஸ்களை நின்று படித்தால் தலை சுற்றும். ஒன்றில் "எனி டிகிரி, ஃப்ரெஷர்ஸ் மட்டும்" என்று இருக்கும். அதைப் பாதி மறைத்து ஒட்டிய இன்னொன்றில் "படிப்பு முக்கியமில்லை, 2 வருட அனுபவம் அவசியம்" என்று இருக்கும். முதலாவதுக்குப் பட்டம் வேண்டும், அனுபவம் கூடாது. இரண்டாவதுக்கு நேர்மாறு. "டிகிரியா, எக்ஸ்பீரியன்ஸா" என்று கல்யாணப் பந்தியிலிருந்து ஆபீஸ் கேன்டீன் வரை நடக்கும் விவாதம் முடியாமலே இருப்பதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொருவரும் தான் நுழைந்த வாசலை வைத்துப் பேசுகிறார்.

அந்த வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். பட்டம் எப்போதும் காகிதத்தோடு வருகிறது. அனுபவம் சில இடங்களில் மட்டுமே காகிதத்தோடு வருகிறது. சென்னையில் யாருக்கு எது கைகொடுக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது.

அரசு வாசலில் குழப்பமே இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 1, குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். பெரும்பாலான பதவிகளுக்கு எந்தக் கல்லூரி, எத்தனை மார்க் என்று யாரும் கேட்பதில்லை. அதேபோல, மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருடம் கணக்கு எழுதியிருந்தாலும் ஜூனியர் அசிஸ்டென்ட் தேர்வில் அதற்கு அரை மார்க் கிடையாது. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பத்தாம் வகுப்பு மட்டும் கேட்கும் அந்தத் தேர்வை எழுத பி.இ., எம்.எஸ்சி. முடித்தவர்களும் வரிசையில் நின்றார்கள்.

படித்த வரிசையையும் அரசு பார்க்கிறது: பத்து, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் தமிழக அரசு ஆணையே போட்டது. சின்ன வயதில் வேலைக்குப் போய், பிறகு சிரமப்பட்டுப் படித்தவர்களைத்தான் இது அதிகம் அடித்தது. அனுபவத்தை எண்ணாததோடு, அனுபவத்துக்குப் பின் வந்த படிப்பையும் எண்ணவில்லை.

தமிழ்நாட்டில் பட்டத்தின் மேல் இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை. நிலமும் சாதியும் தராத இடத்தைப் பல குடும்பங்களுக்கு ஒரு சர்டிஃபிகேட் தந்திருக்கிறது. 'முதல் பட்டதாரி' என்று தாசில்தாரிடம் சான்று வாங்கிக் கட்டணச் சலுகையில் பொறியியல் படித்தவர்கள் இன்று ஓ.எம்.ஆரில் டீம் லீடாக இருக்கிறார்கள். 2007இல் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டு, பிளஸ் டூ மார்க்கே போதும் என்று ஆனபோது கதவு இன்னும் அகலமானது. 2021-22 கணக்குப்படி, 18 முதல் 23 வயது வரையிலான வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம். இந்தியாவுக்கு அது 28.4.

பெருமையான எண்தான். ஆனால் ஒரு சிக்கலும் அதோடு சேர்ந்தே வருகிறது. பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்றை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது.

நிறுவனங்கள் பட்டத்தை எதற்குப் பார்க்கின்றன என்பதற்குப் பொருளாதாரத்தில் இரண்டு பதில்கள் உண்டு. படிப்பு ஆளைத் திறமைசாலி ஆக்குகிறது என்பது ஒன்று. ஏற்கெனவே திறமையும் பொறுமையும் உள்ளவர்தான் படிப்பை முடிப்பார், ஆகவே பட்டம் என்பது முதலாளிக்குத் தெரியும் ஓர் அடையாளம் என்பது மற்றது. இரண்டாவதை 1973இல் முன்வைத்த மைக்கேல் ஸ்பென்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சென்னை கேம்பஸ் இன்டர்வியூக்களைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புதிதாகத் தோன்றாது. மெக்கானிக்கல், சிவில், பயோடெக் என்று எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஆப்டிடியூட் டெஸ்ட் வைத்து, தேறியவர்களை எடுத்து, மூன்று மாதம் ஜாவா சொல்லிக்கொடுத்து புராஜெக்டில் போடுகிறார்கள் என்றால், நாலு வருடம் தெர்மோடைனமிக்ஸ் படித்ததற்கு அங்கே என்ன மதிப்பு? படித்தவர் நாலு வருடம் தாக்குப்பிடித்தார் என்பதற்குத்தான் மதிப்பு.

அதனால்தான் "பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம்", "ஸ்டாண்டிங் அரியர் கூடாது", "படிப்பில் கேப் கூடாது" போன்ற நிபந்தனைகள். இவை திறமையை அளப்பதில்லை. பத்தாயிரம் விண்ணப்பங்களை ஒரே மதியத்தில் ஆயிரமாகக் குறைக்க இதைவிட மலிவான வழி ஹெச்.ஆருக்குக் கிடையாது, அவ்வளவுதான். டைபாய்டு வந்து ஒரு செமஸ்டர் விட்டவரும் சினிமா பார்த்து அரியர் வைத்தவரும் அந்த வடிகட்டியில் ஒன்றுதான்.

உள்ளே போன பிறகு காட்சி மாறுகிறது. மூன்றாவது வருடத்தில் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறவரிடம் கல்லூரிப் பெயரைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எந்த புராஜெக்ட், எந்த டெக்னாலஜி, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். சம்பளத்தைத் தீர்மானிப்பது அனுபவம். ஆனால் அந்த அனுபவத்தைச் சேர்க்கும் இடத்துக்குள் விட்டது பட்டம்.

இதற்கு விலக்கு உண்டா? உண்டு, அதுவும் சென்னையிலிருந்தே. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2004 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தந்து வேலையும் தருகிறது. ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு தொடங்கியது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்-பீ திட்டமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்குத்தான். ஆனால் டெக்-பீயில் சேருகிறவர்களுக்கு வேலை பார்த்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்க ஏற்பாடு உண்டு. பட்டம் வேண்டாம் என்று எடுத்த இடத்திலேயே பட்டத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெற்றோரை நினைத்தா, அடுத்த கம்பெனியின் ஹெச்.ஆரை நினைத்தா என்பது அவர்களுக்கே வெளிச்சம். என் ஊகம், இரண்டும்தான். (பெண் வீட்டார் பயோடேட்டாவில் தேடும் முதல் வரி எது என்று எல்லோருக்கும் தெரியும். பட்டத்தின் மதிப்பைப் பேசும்போது கல்யாணச் சந்தையை விட்டுவிடுவது நேர்மையாகாது.)

இனி, அனுபவம் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று பார்ப்போம். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒரு பெரிய கம்பெனி ஆஃபர் கொடுத்ததும் 'பி.ஜி.வி.' என்கிற பின்னணிச் சரிபார்ப்பு தொடங்கும். வெளி ஏஜென்சி ஒன்று அதைச் செய்யும். பழைய கம்பெனியின் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்பார்கள். அதற்கு மேல் இப்போது பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண். 2014இல் வந்த இந்த எண்ணுக்குக் கீழே, ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்ற சர்வீஸ் ஹிஸ்டரி வரிசையாக இருக்கும். ரெஸ்யூமேயில் போட்ட தேதியும் அங்கே இருக்கும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு நிறுவனங்களின் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் விளக்கம் கேட்டு மெயில் வரும்.

இப்போது புதுப்பேட்டையில் ஒரு வொர்க்ஷாப்பில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் கடையில் மொத்தம் ஆறு பேர். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும், இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு 10 பேர். ஆக இவருக்கு யூ.ஏ.என். இல்லை, பே ஸ்லிப் இல்லை, சம்பளம் சனிக்கிழமை மாலை கையில். ஒரு பெரிய கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு இவர் விண்ணப்பித்தால் காகிதத்தில் இவர் ஃப்ரெஷர். அதே சர்வீஸ் சென்டரில் ஐ.டி.ஐ. முடித்து ஒரே வருடம் அப்ரண்டிஸாக இருந்த பையன் 'எக்ஸ்பீரியன்ஸ்டு'. ரிச்சி தெருவில் செல்போன் போர்டில் மைக்ரோஸ்கோப் வைத்து ஐ.சி. மாற்றுகிறவருக்கும், ரங்கநாதன் தெருவில் பத்து வருடம் சேல்ஸில் நின்ற பெண்ணுக்கும் இதே கதைதான். நகரத்தின் அனுபவத்தில் பெரும் பகுதி, எழுதப்படாத அனுபவம்.

காகிதம்தான் மதிப்பு என்று ஆனால் காகிதம் விற்பவர்களும் வருவார்கள். ஐ.டி. கோர்ஸ் சென்டர்கள் வரிசையாக இருக்கும் பகுதிகளில் "மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இருப்பது ஊரறிந்த விஷயம். பெயருக்கு ஒரு கம்பெனி, அதன் லெட்டர்ஹெட், பே ஸ்லிப், போனில் பேச ஓர் ஆள். சில இடங்களில் பி.எஃப். கூடக் கட்டிக் காட்டுகிறார்கள், பணம் மட்டும் நம்முடையது. வேலையில் சேர்ந்து நன்றாகவே செய்துகொண்டிருக்கும் ஆட்கள், பிறகு நடக்கும் மறுசரிபார்ப்பில் சிக்கி ஒரே நாளில் வெளியேற்றப்படுவதும் நடக்கிறது. அனுபவம் பொய், வேலை நிஜம். அந்த வேலையைச் செய்ய மூன்று வருட அனுபவம் உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வியை மட்டும் எந்த ஹெச்.ஆரும் எழுப்புவதில்லை.

ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காகிதம் இருக்கிறது, ஆனால் அதன் மேல் இருக்கும் பெயர் வேறு. கார் தயாரிப்பது ஒரு நிறுவனம், சம்பளம் போடுவது மேன்பவர் கான்ட்ராக்டர். ஐந்து வருடம் அதே அசெம்பிளி லைனில் நின்றாலும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் யாரும் கேள்விப்படாத கான்ட்ராக்டரின் பெயர்தான் வரும். 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இலேயே சட்டம் உண்டு. டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு அந்தக் கணக்கு நிறையாமல் பார்த்துக்கொள்ளும் வித்தையும் கூடவே வளர்ந்தது.

அனுபவத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது ஓர் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஶ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வெளியே வந்தார்கள். பெண்கள் அதில் அதிகம். உலகத்துக்கே போன் செய்த கைகள்தான். ஆனால் ஒருவர் கற்றது ஒரு குறிப்பிட்ட லைனில் ஒரு குறிப்பிட்ட ஸ்டேஷனின் வேலை. அந்த மெஷினே இல்லாத ஊரில் அந்த அனுபவத்தை யார் வாங்குவார்? இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். எடுப்பதோ இருபது வயதுக்காரர்களை. 2014இல் வெளியேறியவருக்கு இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும்.

பட்டம் அப்படிப் பழசாவதில்லை. குழந்தை பிறந்து ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம், விட்ட இடத்து அனுபவம் "அவுட்டேட்டட்" என்பார்கள். அவருடைய பி.காமை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. பேங்க் தேர்வோ பள்ளி வேலையோ, மறுபடியும் நுழைய அவர் கையில் மிஞ்சியிருப்பது அதுதான். பெண்களுக்குப் பட்டத்தை முடித்துவிடச் சொல்வதில் நான் பழைய ஆள்.

வெளிநாட்டு வாசல் சுவாரசியமானது. வளைகுடாவுக்கு வெல்டர் எடுக்கும் ஏஜென்சிகள் இங்கே டிரேட் டெஸ்ட் வைப்பார்கள். பைப் வெல்டிங்கில் '6ஜி' என்று ஒரு நிலை. பைப்பை 45 டிகிரி சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள், அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றிச் சுற்றி வந்து, கீழே குனிந்தும் தலைக்கு மேல் கையைத் தூக்கியும் ஒரே சீராகப் பற்றவைக்க வேண்டும். அப்புறம் அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்தோ வெட்டி வளைத்தோ பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகள் தொடர்ந்து இருந்தால்கூடச் சிக்கல். அங்கே டிகிரியைப் பற்றிப் பேச்சே இல்லை. அனுபவத்தை அதன் சொந்த மொழியிலேயே அளக்கும் அபூர்வமான இடம் அது.

அந்த வெல்டர் பத்தாம் வகுப்பு தேறவில்லை என்றால் மட்டும் பாஸ்போர்ட்டில் சிக்கல். இ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற முத்திரையோடு வரும். சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்று இருந்தால் இந்தச் சோதனை இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவருக்கும் இல்லை. இந்த விதியில் பத்தாம் வகுப்பும் மூன்று வருட வெளிநாட்டு வாசமும் ஒரே எடை.

அமெரிக்க எச்-1பி விசா இதைவிடப் பச்சையாகவே விலை குறிக்கிறது. பட்டத்துக்கு ஈடாக அனுபவத்தைக் காட்ட வேண்டுமானால் மூன்று வருட அனுபவம் ஒரு வருடக் கல்லூரிக்குச் சமம். நாலு வருடப் பட்டம் முழுவதற்கும் பன்னிரண்டு வருடம். நம் ஊர் மூன்று வருட பி.எஸ்சி. அங்கே நாலு வருடப் பட்டமாகத் தேறாதபோது, குறையும் ஒரு வருடத்தை இந்தக் கணக்கில் நிரப்புகிறார்கள். விகிதம் நியாயமா என்பது வேறு பேச்சு. அனுபவத்துக்கென்று ஒரு மாற்று விகிதத்தைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

இங்கே அப்படி எழுதி வைத்த இடங்கள் குறைவு, இல்லாமல் இல்லை. எலக்ட்ரீஷியனிடம் ஹெல்பராக இருப்பவர்களுக்கு, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசே ஒன்று நடத்துகிறது. 21 வயதும் வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவமும் இருந்தால் எழுதலாம். கை வேலை அரசு முத்திரையாக மாறும் அருமையான வழி. இதைக் கேள்விப்படாத ஹெல்பர்கள்தான் அதிகம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் 'லெவல் 1' என்ற அடிநிலைப் பணிகளில் 20 சதவீத இடம் உண்டு. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருடப் பயிற்சி கிடைக்கிறது. உதவித்தொகை குறைவுதான். ஆனால் வருடக் கடைசியில் கையில் வரும் சான்று மத்திய அரசுடையது, கான்ட்ராக்டருடையது இல்லை. லாரி, டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதியை 2019இல் எடுத்ததும் நல்ல காரியம்.

மூடிய கதவும் ஒன்று உண்டு. அம்பத்தூர், எண்ணூர் ஆலைகளில் வேலை பார்த்த டிப்ளமோக்காரர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து ஏ.எம்.ஐ.இ. படிப்பார்கள். கல்லூரிக்கே போகாமல் தேர்வெழுதி பி.இ.க்குச் சமமான தகுதி வாங்கும் வழி அது. 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தச் சமநிலையை மத்திய அரசு தரவில்லை. இன்று அந்த இடத்தை ஓரளவுக்கு நிரப்புவது பகுதிநேரப் பி.இ.யும், கணினிப் பக்கம் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய பி.எஸ். படிப்பும். ஜே.இ.இ. இல்லாமல், தகுதித் தேர்வு வழியாகவே இதில் சேரலாம். பாதியில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும்.

2024இல் வந்த ஐ.எல்.ஓ.வின் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வைத்து "படித்தால் வேலை இல்லை" என்று பலர் பேசினார்கள். 2022இல் இளம் பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4. எண்கள் சரி, எடுத்த முடிவு தவறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலை இல்லாமல் ஒரு வாரம் இருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுவார், அதனால் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். பட்டதாரியை அவர் வீடு இரண்டு வருடம் சோறு போட்டுக் காத்திருக்க வைக்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் அந்த எண் காட்டுகிறது. எனக்கு உறுத்துவதும் அந்தக் காத்திருப்புதான். குரூப் 4, பேங்க், ஆஃப்-கேம்பஸ் என்று இருபத்தாறு வயது வரை ஓட்டியவரிடம் பட்டம் இருக்கும், ஆனால் பழைய பட்டம், அனுபவம் இருக்காது. "2024, 2025 பேட்ச் மட்டும்" என்று நோட்டீஸ் போடும் கம்பெனிக்கு அவர் ஃப்ரெஷரும் இல்லை, எக்ஸ்பீரியன்ஸ்டும் இல்லை. வேலை கிடைக்கவில்லை என்று உடனே எம்.பி.ஏ. சேர்வது இதற்கு மருந்தாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் தள்ளிப்போகும், கடனும் கூடும். சின்ன ஆபீஸாக இருந்தாலும் காகிதம் தரும் வேலை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு தேர்வுக்குப் படிப்பதே மேல்.

எழுதப்படாத அனுபவத்தைக் காகிதமாக்க என்ன செய்யலாம்? முதலில் நியமனக் கடிதம் கேட்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. ரிச்சி தெருக் கடை முதலாளி நாளைக்கே டைப் அடித்துக் கொடுத்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் கேட்பதற்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்வது அடுத்தது. பே ஸ்லிப் இல்லாத இடத்தில் பேங்க் ஸ்டேட்மென்ட்தான் சாட்சி. பி.எஃப். பிடிக்கும் இடத்திலிருந்து விலகுகிறவர்கள் ரிலீவிங் லெட்டரோடு நிறுத்திவிடாமல், யூ.ஏ.என். கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய கம்பெனி அதைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். ஆதார் ஓ.டி.பி. வந்தால் போதும்.